அம்மா ஜாடை

பெரியவளைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா." அகன்ற நெற்றி, மோவாயில் சின்னக் குழி, சிரிக்கும்போது இடது கண் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு சுருங்குவது, எல்லாமே அம்மாவுடையவை. சின்னவள் அப்பாவின் அச்சு. விரிந்த காது, உட்கார்ந்த மூக்கு, தெருமுனை வரை கேட்கிற தும்மல். பாகம் பிரித்து முடித்த சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல வீட்டில் இதைப் பேசுவார்கள். "நீ அம்மா கட்சி, நான் அப்பா கட்சி" என்று சின்னவள் விளையாட்டில்கூட அப்படித்தான் அணி பிரிப்பாள்.

அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது பெரியவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளுடைய மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "இவளை நினைச்சாத்தான் பயமா இருக்கு. சின்னது தப்பிச்சிடும். அது அப்பன் அச்சு."

அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பேச்சு வீட்டின் நடுவில் கிடக்கிற கனமான மேஜை மாதிரி ஆகிவிட்டது. யாரும் அதை நகர்த்த முயலவில்லை. இடித்துக்கொள்ளாமல் சுற்றி நடக்க மட்டும் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அப்பா பெரியவளிடம் பேசும்போது அவள் தோளைப் பார்த்துப் பேசினார். சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது என் அச்சு, இதுக்கு ஒண்ணும் வராது" என்பார். பெரியவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய மறுபாதியைச் சொல்லாமல் விழுங்கிவிடுவார். விழுங்கியதுதான் அவளுக்குச் சத்தமாகக் கேட்டது.

அவள் அழுதுகொண்டே வாழ்ந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேருந்து எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வரும் என்று தெரியும்; அப்படிப்பட்ட நிறுத்தத்தில் நிற்பவள் எவ்வளவு பதற்றப்படுவாளோ, அவ்வளவுதான் அவளும் பதறினாள். ஒரு பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை கிடைத்தது. வேலையில் கெட்டி என்று பெயரும் எடுத்தாள். அந்தத் தெருவிலேயே மின்விளக்குக் கடை வைத்திருந்த ஒருவர், மதிய நேரங்களில் தேவையில்லாத காரணங்களுக்கெல்லாம் வந்து நின்று, ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். நல்ல மனிதர். "வேண்டாங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. அவர் கேட்ட அந்தக் கணத்தில் அவள் மனதில் வந்து நின்றது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பு நாற்காலியும் அதில் மடங்கி உட்கார்ந்திருந்த அப்பாவும்தான். இன்னொரு மனிதனைக் கொண்டுபோய் அதில் உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சின்னவளோ வாழ்க்கையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள். காதலித்தாள், சண்டை போட்டாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண்ணைப் பெற்றாள். காய்ச்சல் வந்தால்கூட டாக்டரிடம் போகமாட்டாள். பெரியவள் வருஷா வருஷம் மார்பகப் பரிசோதனைக்குப் போவாள். வாசலில் காத்திருக்கும் சின்னவள், "என்ன, இந்த வருஷமும் பாஸா?" என்று கேட்பாள். அது கிண்டல் மாதிரி இருக்கும். கேட்கும்போது அவள் கை மட்டும் அக்காவின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருக்கும்.

இப்படியே போயிருக்கும். மாமா மகளுக்குக் கட்டி வந்ததால்தான் எல்லாம் மாறியது. அம்மாவின் தம்பி மகள் அவள், நாற்பதைத் தாண்டவில்லை. அவளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் மரபணுச் சோதனையும் செய்தார்கள். ஒரு மரபணுவில் ஒரு பிழை. அது இருந்தால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடும் என்றார்கள். மாமா திடமாகத்தான் இருந்தார். ஆனால் அவர் வழியாகத்தான் அது மகளுக்கு இறங்கியிருந்தது. ரத்த சொந்தங்கள் எல்லோரும் அந்த ஒரு பிழை தங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெரியவள் மறுநாளே முடிவெடுத்துவிட்டாள். சோதனை அவளுக்கு வெறும் சம்பிரதாயம். அவள் எடுத்தது அதற்கு அடுத்த முடிவு: வருவதற்கு முன்பே இரண்டு மார்பையும் அகற்றிவிடுவது. அதைப் பற்றி வருஷக்கணக்காகப் படித்திருந்தாள். கை தூக்க முடியாத நாட்களுக்கென்று முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள சட்டைகள்கூட வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டாள். கடை முதலாளியிடம் விடுப்பும் சொல்லி வைத்தாள்.

"ரிசல்ட்டே வரல, லீவு கேக்கறே?" என்றார் முதலாளி.

"வந்துடும் சார்" என்றாள்.

சோதனை நாளன்று சின்னவள் துணைக்கு வந்தாள். அதற்கு முந்தின வாரம் வாங்கிய செருப்பு கடிக்கிறது என்று வழியெல்லாம் புலம்பினாள்.

மரபணு ஆலோசகர் என்று பெயர்ப்பலகை போட்ட அறை சின்னது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஜன்னலில் மடக்குத் திரை. ஆலோசகர் இளம்பெண், கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும்போதெல்லாம் பேனா முனையால் மேலே தள்ளிக்கொள்வாள். ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள். மாமாவின் சதுரத்தை வெறுமனே விட்டு, மாமா மகளின் வட்டத்தை நிரப்பினாள். அம்மாவுக்குக் கீழே இரண்டு வெள்ளை வட்டங்கள் இருந்தன.

"நீங்களும் பாத்துக்கலாமே?" என்று சின்னவளைக் கேட்டாள்.

"எனக்கெதுக்கு மேடம்? என் காதைப் பாருங்க." சின்னவள் முடியை ஒதுக்கிக் காண்பித்தாள். "இது எங்க அப்பா காது. மூக்கும் அவருதான். என்கிட்ட அம்மா வீட்டுச் சரக்கு ஒண்ணுமே கிடையாது."

ஆலோசகர் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, "காது ஒரு வழியில வரும், இது வேற வழியில வரும்" என்றாள். "அம்மாகிட்ட அந்தப் பிழை இருந்திருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருத்தருக்கு வந்ததால இன்னொருத்தர் தப்பிக்கிறது இல்ல. ஜாடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சரி, அக்காவுக்குக் குத்தும்போது எனக்கும் ஒரு குத்து குத்திடுங்க. அவ மட்டும் தனியா 'ஆ'ன்னு கத்தினா நல்லா இருக்காது."

அப்படித்தான் சின்னவளின் ரத்தமும் எடுக்கப்பட்டது. விளையாட்டாக, துணைக்கு.

முடிவு சொல்லும் நாளில் ஆலோசகர் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லட்டுமா என்று கேட்டாள். "எங்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு, சொல்லுங்க" என்றாள் சின்னவள். அவள் ஏற்கெனவே அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள்.

ஆலோசகர் பெரியவளைப் பார்த்தாள். "உங்களுக்கு அந்தப் பிழை இல்லை."

பெரியவளுக்கு அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் புரிந்தன. சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது எட்டவில்லை. "இல்லைன்னா?"

"மத்த பெண்களுக்கு எவ்வளவு வாய்ப்போ, உங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த ஆபரேஷன் உங்களுக்குத் தேவைப்படாது."

சின்னவள் "அக்கா!" என்று கூவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாற்காலி சரிந்தது. அவள் கன்னம் ஈரமாக இருந்தது. "நான்தான் சொன்னேனே, நீ நூறு வயசு இருந்து எங்க உசிரை எடுப்பேன்னு!" ஆலோசகர் அவர்கள் இருவரும் விலகும்வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் ஏதோ இருந்தது. பெரியவள் தங்கையின் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு இருக்கு" என்றாள் ஆலோசகர், சின்னவளிடம்.

சின்னவள் சிரித்தாள். "மேடம், நான் சின்னவ. நீங்க ஆளை மாத்திச் சொல்றீங்க."

ஆலோசகர் பெயரையும் பிறந்த தேதியையும் வாசித்துக் காண்பித்தாள்.

"அப்ப குழாய் மாறியிருக்கும். பக்கத்துப் பக்கத்துலதான உக்காந்திருந்தோம்? அவசரத்துல மாத்தி ஒட்டியிருப்பாங்க. இவளையும் பாருங்க, என்னையும் பாருங்க. யாருக்கு வரும்னு நீங்களே சொல்லுங்க!"

"ஆமா, மாறித்தான் இருக்கும்" என்று இன்னொரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று உணரப் பெரியவளுக்கு ஒரு கணம் ஆனது.

ஆலோசகர் வாதாடவில்லை. குழாய் மாறாமல் இருக்க என்னென்ன செய்கிறோம் என்று சொன்னாள். ஆனாலும் இவ்வளவு பெரிய விஷயத்தில் சந்தேகம் வேண்டாம், வேறு வேறு நாட்களில் தனித்தனியாக மறுபடி எடுக்கலாம் என்றாள்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அப்பா செய்தியைக் கேட்டதும் கையை வீசினார். "படிச்ச முட்டாளுங்க. கண் தெரியாதவன் தடவிப் பாத்தாக்கூடச் சொல்லிடுவான், இது என் பொண்ணுன்னு." சின்னவளின் கணவர் அதிகம் பேசாதவர், அவரும் தலையாட்டினார். சின்னவள் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ஆனால் பெரியவளை நலம் விசாரிக்கும்போது மட்டும் குரலில் பழைய பரிவு திரும்பி வந்தது, எதுவும் மாறவில்லை என்பதுபோல. பெரியவள் அந்தப் பரிவை வாங்கிக்கொண்டாள். குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல வாங்கிக்கொண்டாள். அது அவளை உறுத்தியது.

கடையில் ஒருநாள் வண்ணம் பூசும் மேஸ்திரி ஒருவர் கோபமாக வந்தார். பாதிச் சுவரைப் பழைய டப்பாவிலும் மீதியை இங்கே கலந்து வாங்கிய டப்பாவிலும் பூசியிருக்கிறார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் கோடு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் சுவர் இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

"ரெண்டும் ஒரே கலர்னுதானம்மா கொடுத்த? கம்பெனி வேறன்னாலும் கலர் ஒண்ணுதான்னு சொன்னியே?"

அந்த டப்பாவைக் கலந்த அன்று பெரியவள் விடுப்பில் இருந்தாள். கலந்தது புதிதாகச் சேர்ந்த பெண்; மேஸ்திரி கத்தியதும் அவளிடம்தான். பெரியவள் கலந்திருந்தால் அட்டைத் துண்டில் தடவி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்திருப்பாள். இப்போதும் அப்படியே இரண்டு துண்டுகளை வாசலுக்குக் கொண்டுபோனாள். உள்ளே அண்ணன் தம்பி மாதிரி இருந்தவை வெயிலில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சாம்பலாகவும் நின்றன. "பாக்க ஒண்ணா இருக்கும் மேஸ்திரி. உள்ள போட்டிருக்கற சாயம் வேற வேற" என்றாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. வருஷக்கணக்காகப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இது. எத்தனை நூறு வண்ணங்களுக்குப் பொருத்திப் பார்த்திருப்பாள்! தன் முகத்துக்கு ஒரு தடவைகூடப் பொருத்திப் பார்த்ததில்லை.

குழாய் மாறவில்லை. அது அவளுக்கு அந்த வாசலிலேயே தெரிந்துவிட்டது.

மேஸ்திரிக்குப் புது டப்பா கலந்து கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னறையில் அடுக்கியிருந்த பெயிண்ட் வாளிகளின் மேல் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்த்தாள், சந்தோஷம் கிடைக்கவில்லை. பதிலாக ஒரு கோபம் கிடைத்தது. யாரிடமும் போய்ச் சேராத கோபம். மின்விளக்குக் கடைக்காரரிடம் சொன்ன 'வேண்டாம்', இருபது வருஷத் தவணை என்பதால் வாங்காமல் விட்ட வீடு, யாரோடும் பேச்சை இரண்டாம் கோப்பைத் தேநீர்வரை போகவிடாத பழக்கம், எல்லாவற்றுக்கும் இவ்வளவு நாள் ஒரு காரணம் இருந்தது. காரணம் போய்விட்டது. 'வேண்டாம்'கள் மட்டும் அப்படியே அடுக்கி வைத்தது வைத்தபடி இருந்தன. இப்போது அவற்றுக்கு யார் பொறுப்பு?

அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதைப் பார்க்காமல் எழுந்துவிடலாம் என்று முயன்றாள், முடியவில்லை. 'ஆமா, மாறித்தான் இருக்கும்' என்று அவள் சொன்னது தங்கைக்காக மட்டுமல்ல. அந்த முகம் அம்மா விட்டுப்போனது. அந்த நோயும் அம்மா விட்டுப்போனது. இரண்டும் ஒரே முடிச்சில்தான் அவளிடம் வந்தன என்று நம்பியிருந்தாள். நோயை எடுத்துக்கொண்டால் அம்மாவையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. அதுவும், அம்மாவை அவ்வளவாக நினைவில்லாத தங்கையிடம் கொடுப்பதற்காக. இப்படியும் ஒருத்திக்குப் பொறாமை வருமா? வந்தது. வாளி மூடிகளின் விளிம்பு தொடையில் அழுந்த, அவள் அதை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடைக்குள் போனாள்.

இரண்டாவது முடிவும் அதேதான்.

இந்த முறை சின்னவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் தள்ளுவண்டிகளோடு போனார்கள், வந்தார்கள்.

"இது உன்னோடதுக்கா" என்றாள் கடைசியில். "உனக்கு வரவேண்டியது. எங்கிட்ட வந்துடுச்சு."

பெரியவளுக்கு அறை வாங்கியதுபோல இருந்தது. ஆனால் அவளே இதைத்தானே வாளிகளின் மேல் உட்கார்ந்து நினைத்தாள்?

"நீ சின்ன வயசுலேர்ந்து தயாரா இருந்தே" என்றாள் சின்னவள். "எனக்கு ஒண்ணுமே தெரியாதேக்கா. எங்க போறது, யாரைக் கேக்கறது, என்ன பண்ணுவாங்க... ஒரு தடவைகூட நான் செக்கப் பண்ணிக்கிட்டதில்ல. நான் அப்பா பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டே..."

"எனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள். "எல்லாம் தெரியும். முதல்ல ஸ்கேன். இப்ப ஏதாவது இருக்கான்னு பாக்கணும். இல்லைன்னா அவசரமே இல்ல. வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கலாம், இல்ல எடுத்துடலாம். சினைப்பையைப் பத்தித் தனியாப் பேசணும். நீதான் முடிவு பண்ணணும். நான் பக்கத்துல இருக்கேன்."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ மொத்தமா அடுக்கி வச்சிருக்கியே, அந்தச் சட்டை எல்லாம்?"

"இருக்கு."

"உன் அளவு எனக்கு எங்க பத்தும். கைகூட நுழையாது." சொல்லிக்கொண்டே சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். போகிற வருகிறவர்கள் பார்க்க, பெரியவள் அவள் தலையைத் தன் மார்பின் மேல் சாய்த்துக்கொண்டாள். எடுத்துவிடுவதென்று அவள் எப்போதோ விடைகொடுத்திருந்த மார்பு. அதன் மேல் தங்கையின் தலை கனமாக, சூடாக இருந்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சின்னவள் பல நாள் யோசித்தாள், கணவரோடு பேசினாள், ஒருநாள் எடுத்துவிடுவதென்று தீர்மானித்தாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் பெரியவள் சொல்லிக் கொடுக்க, சின்னவள் போய்க் கேட்டு வந்தாள். ஒன்றே ஒன்றைத் தவிர. "உங்க பொண்ணைப் பத்தி..." என்று ஆலோசகர் ஆரம்பிக்கும்போதெல்லாம் சின்னவள் கைப்பையில் எதையோ தேடுவாள்.

அந்தப் பெண்ணை வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். பேச்சு ஓயாது. பதினைந்து வயது. அகன்ற நெற்றி, மோவாயில் குழி. பெரியவளோடு வெளியே போனால் கடைக்காரர்கள், "உங்க பொண்ணா?" என்று கேட்பார்கள். அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அறுவைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவளின் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்றாவது மாடி. ஜன்னல் வழியாக மழை ஓய்ந்த வெளிச்சம் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா கொஞ்ச நாளாகவே பேச்சைக் குறைத்திருந்தார். இரண்டாவது முடிவு வந்ததிலிருந்து சின்னவளைப் பார்க்கும்போது அவர் கண் அவள் தோளுக்கு நகர்வதைப் பெரியவள் கவனித்திருந்தாள். அன்று என்னவோ அவர் முகம் தெளிந்திருந்தது.

"நான் யோசிச்சுப் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். "நாமதான் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டோம். அவ ஜாடை இருந்தா வரும்னு நினைச்சோம். அது அப்படி இல்ல. பெரியவளுக்கு வரலியே! அந்த ஜாடை இருக்கறவங்களுக்குத்தான் வராது." கரண்டியால் பேத்தியைச் சுட்டினார். "அப்ப குருவியைப் பத்திக் கவலையே வேண்டாம். பெரியம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

மேஜையில் ஒரு பெருமூச்சு பரவியது. சின்னவளின் கணவர் நாற்காலியில் சாய்ந்தார். சின்னவள் மகளைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை மெதுவாகப் பார்த்தாள். வாரக்கணக்கில் இறுகிக் கிடந்த அவள் முகம் அவிழ்ந்தது. "ஆமாப்பா" என்றாள். "ஆமால்ல?" என்று பெரியவளிடம் திரும்பினாள். கண்ணில் கெஞ்சல் இருந்தது.

"என்ன வராது?" என்றாள் குருவி, வாயில் உணவோடு.

பெரியவளுக்குத் தலையாட்டிவிடுவது சுலபம். ஒரே ஒரு தலையாட்டல். இன்னும் சில நாளில் தங்கை அறுவை மேஜையில் படுக்கப் போகிறாள். இந்த ஓர் ஆறுதலோடு போகட்டுமே? பெண்ணுக்குச் சோதனை செய்யும் வயதும் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம். பிறகு என்பது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து அவளுக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதே முகத்தைப் பார்த்துக் குருவிக்கு விடுதலை கொடுக்கிறார்கள். முன்பு அப்படி விடுதலை வாங்கிய சின்னவள் ஒருநாள்கூடத் தன்னைப் பரிசோதித்துக்கொள்ளப் போனதில்லை.

"இல்லப்பா" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார்.

"முகத்துல ஒண்ணும் இல்லப்பா. எனக்கு வராததும் முகத்தால இல்ல, இவளுக்கு வந்ததும் முகத்தால இல்ல. குருவிக்கு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. யாராலயும் பாத்துச் சொல்ல முடியாது."

சின்னவளின் முகம் மூடிக்கொண்டது. "இப்ப இதைச் சொல்லித்தான் ஆகணுமா உனக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "உனக்கு இல்லேன்னு ஆயிடுச்சு. நீ சொல்லுவே."

தங்கை சொன்னது உண்மையும்தான்.

"குழந்தை முன்னாடி எதுக்கும்மா..." என்று அப்பா இழுத்தார்.

"எனக்கு இதைவிடச் சின்ன வயசுப்பா. யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. வந்தாங்க, மோவாயைப் பிடிச்சுப் பாத்தாங்க, போனாங்க. மீதியை நானே நினைச்சுக்கிட்டேன்." குரல் உயரவில்லை. "இவளும் நினைச்சுக்கிட்டா. நாங்க ரெண்டு பேருமே தப்பா நினைச்சுக்கிட்டோம்."

அப்பா கரண்டியைத் தட்டில் வைத்தார். அவளைப் பார்த்தார். தோளுக்கு நகராமல், நேராக, கண்ணில் நீர் கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

குருவி உணவை விழுங்கினாள். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றது அவள் பார்வை. "அம்மா, உனக்கு என்ன ஆபரேஷன்? சின்ன ஆபரேஷன்னா பெரியம்மா ஏன் இப்படிப் பேசறாங்க?"

சின்னவள் எழுந்தாள். எழுந்து எங்கே போவதென்று தெரியாதவள்போல அடுக்களைக் குழாய்வரை போய், திறந்து, கையை நனைத்து, மூடினாள். முதுகு ஒருமுறை குலுங்கியது. பெரியவள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். பிறகு எழாமல் தன்னை அடக்கிக்கொண்டாள். இனி சொல்ல வேண்டியது தங்கைதான்.

சின்னவள் ஈரக் கையோடு திரும்பி வந்தாள். மகளுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையின் மேல் கைகளை வைத்தாள்; பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சின்ன ஆபரேஷன் இல்ல" என்றாள். "பொய் சொன்னேன். எங்க அம்மா எதால செத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஏதோ காய்ச்சல்னு சொன்னீங்க."

"காய்ச்சல் இல்ல."

அவள் சொல்லத் தொடங்கினாள். அடுக்கோடு வரவில்லை. மாமா மகளிடம் ஆரம்பித்து, தன் காதுக்குப் போய், ஆலோசகரின் வட்டங்களுக்கும் சதுரங்களுக்கும் வந்தாள். மரபணுவைப் பற்றி ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள். பெரியவள் திருத்த வாயெடுத்து, மூடிக்கொண்டாள். மார்பை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லும் இடத்தில் சின்னவள் நின்றுவிட்டாள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. அவளே மூச்சை இழுத்துவிட்டு அதையும் சொன்னாள். பிறகு, உனக்கும் இருக்கலாம், இப்போது தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பதினெட்டு முடிந்த பிறகு வேண்டுமென்றால் நீயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் வேண்டாம் என்றாள்.

மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. குருவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அம்மாவின் முழங்கால் இடிக்கும்படி நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குமா?" என்றாள்.

"வலிக்கும்னு பெரியம்மா சொல்றா."

"எவ்வளவு?"

"தெரியலடி. வந்து சொல்றேன்."

"சரி" என்றாள் குருவி. "நீ இன்னும் சொல்லு."